கூட்டாளி ஏன் அப்படிச் செய்தாள் என்று கேம் சொல்ல வேண்டும்

போன வாரம் ஒரு ஆர்பிஜியில் (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேமில்) ஒரே பாஸிடம், அதாவது ஒரு பெரிய எதிரியிடம், மூன்று முறை தோற்றேன். மூன்று முறையும் பாதிச் சண்டையிலேயே என் ஹீலருக்கு (கூட்டாளிகளைக் குணப்படுத்துபவளுக்கு) மானா, அதாவது மந்திர சக்தி, தீர்ந்துபோனது. கூட்டாளிகளை இயக்கும் கேமின் ஏஐ மோசம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூட்டாளிகள் தாமாக எப்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதி வைத்த விதிகளை ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "உயிர் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் குணப்படுத்து" என்று நானே எழுதி வைத்திருந்தேன். சின்னக் கீறல் பட்டாலும் அவள் மந்திரம் போட்டாள். குழுவில் இன்னொருவனுக்கும் அதே விதி இருந்ததால் இரண்டு பேரும் ஒரே ஆளைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு 50, அவனுக்கு 30 என்று மாற்றினேன், ஜெயித்தேன்.

விதியைத் தப்பாக எழுதியது நான்தான், சரி. ஆனால் எந்த விதியால் அவள் மந்திரம் போடுகிறாள் என்று திரையில் எங்கேயும் காட்டவில்லையே. இதுதான் என் குறை. பார்ட்டி (கூட்டாளிகளின் குழு) வைத்து ஆடும் ஆர்பிஜிகளில் கூட்டாளியின் நடத்தையை நம் கையில் கொடுப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த நடத்தைக்கான காரணத்தைக் காட்டுவது பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் பிரச்சினை பழையது. 1990இல் வந்த டிராகன் குவெஸ்ட் 4இன் ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகனுக்கு மட்டும்தான் நேரடிக் கட்டளை கொடுக்கலாம். மற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு உத்தியைச் சொல்லிவிட்டு விட வேண்டியதுதான். அதில் வரும் ப்ரீஸ்ட், பலிக்கவே பலிக்காத பாஸ்கள் மீதும் உடனடி மரண மந்திரத்தைப் போட்டுக்கொண்டே இருப்பார். இன்றுவரை ஆட்டக்காரர்கள் அதைச் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

2006இல் ஜப்பானில் இரண்டு எதிரெதிர் பதில்கள் வந்தன. பெர்சோனா 3 கூட்டாளிகளை முழுக்க ஏஐயிடம் விட்டது. நேரடிக் கட்டளை 2009இல் வந்த போர்ட்டபிள் பதிப்பில்தான் கிடைத்தது. ஃபைனல் ஃபேன்டசி 12 கேம்பிட் முறையைக் கொண்டுவந்தது. ஒரு நிபந்தனை, அதற்கு ஒரு செயல். இப்படி ஒருவருக்கு 12 வரிகள் வரை எழுதலாம். மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் வரி நடக்கும். நடுவில் நாம் நேரடியாகக் கட்டளை கொடுத்தால் அதற்கே முன்னுரிமை. எனக்கு இன்றும் இதுதான் சிறந்த அமைப்பு. ஒரே ஒரு வருத்தம்: "நெருப்புக்குப் பலவீனமான எதிரி" மாதிரியான நிபந்தனைகளைக்கூடக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். யோசிக்கும் உரிமையை விலைக்கு விற்கக் கூடாது.

2009இல் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் இதே வழியில் போனது. அதிலும் விதி எழுதும் ஸ்லாட்டுகளை (வரிக்கான இடங்களை)த் திறமைப் புள்ளிகள் செலவழித்துக் கூட்ட வேண்டியிருந்தது. 2014இல் அதே தொடரில் இன்க்விசிஷன் வந்தபோது அந்தப் பட்டியல் சுருங்கி, ஒரு திறமையை அணைப்பது, இயக்குவது, அதற்கு முன்னுரிமை கொடுப்பது என்ற அளவில் நின்றது. எளிமைக்காகச் செய்திருக்கலாம், ஆனால் எனக்கு அது பின்னடைவுதான். அப்புறம் 2018இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2 விதி எழுதும் திரையை மறுபடி ஆட்டக்காரர் கையில் கொடுத்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

"எல்லாரையும் நீயே ஆட்டிவிட்டால் முடிந்ததே" என்று நண்பர்கள் சொல்வார்கள். பால்டர்ஸ் கேட் 3 மாதிரி முறை வைத்து ஆடும் கேமில் அது சரி, அங்கே யோசிக்க நேரம் இருக்கிறது. நிகழ்நேரச் சண்டையில் நாலு பேரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது? நொடிக்கு ஒரு முறை நிறுத்தினால் சண்டையின் வேகமே செத்துவிடும். கூட்டாளிக்கென்று ஒரு குணம் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. முரட்டு வீரன் பின்வாங்க மறுக்கலாம். மறுக்கிறான் என்பது எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய மாற்றம் எதுவும் கேட்கவில்லை. கேமை நிறுத்தியதும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இப்போது ஓடும் விதியின் எண் தெரியட்டும். கடைசிப் பத்துச் செயல்களும் எந்த விதியால் நடந்தன என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கட்டும். "வேறு யாரும் குணப்படுத்தாதபோது மட்டும்" என்ற நிபந்தனையும் வேண்டும். அது இருந்திருந்தால் முதல் தோல்வியோடு அந்த பாஸைத் தாண்டியிருப்பேன்.

என் ஹீலரின் முதல் வரி இப்போது "விழுந்தவரை எழுப்பு". குணப்படுத்துவது இரண்டாவது. உங்கள் பட்டியலில் முதல் வரி என்ன, ஏன் என்று எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.