கையெழுத்து போடுவதற்கு முன் பெறுநர் யார் என்று பாருங்கள்

வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒரு இணைப்பாவது வந்துவிடுகிறது. "நம் குழந்தைகளுக்காக ஒரு நிமிடம் ஒதுக்கிக் கையெழுத்திடுங்கள்." திறந்து பார்த்தால் ஆசிரியர் பற்றாக்குறை, கழிப்பறை, புத்தகச் சுமை, தேர்வு பயம், மனநல ஆலோசகர், விளையாட்டுத் திடல் எல்லாம் ஒரே மனுவில் இருக்கும். பெறுநர் பிரதமர், முதல்வர், கல்வி அமைச்சர் மூவரும். எண்ணம் நல்லதுதான். ஆனால் மூவருக்கும் எழுதிய மனுவை மூவரில் ஒருவரும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் மனு இணையதளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுதுகிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றிப் பரிசீலிக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு எண்ணிக்கை வரம்பு கிடையாது. தனியார் மனுத்தளத்தில் ஐந்து லட்சம் பேர் கையெழுத்திட்டாலும், அந்த எண்ணிக்கைக்காக எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது விடும் அறிவிப்பை வாசித்திருப்பீர்கள்: ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மனு எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன்.

5, 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தம் அந்த இரு வகுப்புகளுக்கும் ஆண்டு இறுதித் தேர்வு வேண்டும் என்றது. பொதுத்தேர்வாக நடத்தச் சொல்லவில்லை. தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்துவதையும் அந்தந்த அரசின் முடிவுக்கே விட்டது. ஆனாலும் 2019 செப்டம்பரில் தமிழக அரசு பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. பெற்றோர், ஆசிரியர் சங்கங்கள், கட்சிகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. 2020 பிப்ரவரி 4 அன்று ரத்து அறிவிப்பு வந்தது. கோரிக்கை ஒன்று, ஆணை ஒன்று, அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் சென்னையிலேயே இருந்தது, தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 2023 அக்டோபரில் தொடங்கிய நீட் எதிர்ப்புக் கையெழுத்து இயக்கத்தின் இலக்கு 50 நாளில் 50 லட்சம். அங்கே முடிவு குடியரசுத் தலைவரின் ஒப்புதலில் தொங்கியது. அது அரசியல் அழுத்தம். தேவைதான், ஆனால் மனு என்ற கருவியின் வேலை வேறு.

உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "போதிய ஆசிரியர்கள் இல்லை" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. அதனால் இப்படி எழுதுங்கள்: "1 முதல் 5 வரை 94 மாணவர் பயில்கின்றனர். சட்டப்படி 4 ஆசிரியர் வேண்டும். பணியில் இருப்பவர் 2." அனுமதிக்கப்பட்ட பணியிடமே காலியாகக் கிடக்கிறது என்றால் அதற்குப் பிரிவு 26 இருக்கிறது: அரசுப் பள்ளியில் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது இதற்கு அடுத்த படியில். நம் மாநிலத்தில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நடக்கிறது. அந்த எண்ணிக்கை எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது, உங்கள் வாய்க்கணக்கிலிருந்து அல்ல. வகுப்பில் 94 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு பேரைப் பழைய பள்ளி எமிஸில் விடுவித்திருக்காது. அதனால் இந்தப் பள்ளிக் கணக்கில் 88தான் நிற்கும். 88க்கு 3 ஆசிரியர் போதும், கதை முடிந்தது. ஆகவே ஜூலையிலேயே தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து எமிஸ் எண்ணிக்கையையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். அக்டோபரில் எழுதும் உருக்கமான மனு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

கழிப்பறை, சுற்றுச்சுவர், கட்டடம் என்றால் வாசல் வேறு. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கம், ஆசிரியர் விவகாரம் வட்டாரக் கல்வி அலுவலர் பக்கம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தபால்தான் நகரும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு நடப்பதும் அதுதான். ஆட்சியர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அவர் கீழே, கடைசியில் யார் மேல் புகாரோ அவரிடமே விளக்கம் கேட்டு, "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். இதைத் தடுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள். குழந்தையின் கல்வி உரிமை தொடர்பான எழுத்துப்பூர்வப் புகாரை உள்ளாட்சி அமைப்போ, பள்ளியின் மீது நிர்வாக அதிகாரம் உள்ள அமைப்போ மூன்று மாதத்தில் முடிவு செய்தாக வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலை இணைத்தால் மனுவின் கனம் கூடும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஆயிரம் இணையக் கையெழுத்தைவிட அந்த ஒரு பக்கத் தீர்மானத்தை நான் பெரிதாக மதிப்பேன். கிராமசபையிலும் அதையே தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மனு எண், தேதி சொல்லி, "என் மனு எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

புத்தகப் பை விஷயத்திலும் அளவுதான் பேசும். 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்வது, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. அது கொள்கை, சட்டமல்ல. அதனால் தனியார் பள்ளி நிர்வாகத்திடம் எடைக் கணக்கோடு போவதே நல்லது. ஒரு வகுப்பில் பத்துப் பைகளை எடை போட்டு, வெறும் பை, தண்ணீர் பாட்டில், பாடநூல், நோட்டு என்று பிரித்து எழுதுங்கள். பல இடங்களில் பாடநூலை விட, பள்ளியே வாங்கச் சொன்ன கூடுதல் நோட்டுகளும் பயிற்சிப் புத்தகங்களும்தான் எடையைக் கூட்டுகின்றன. அதைக் குறைக்கப் பள்ளிக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. அடி, அவமானம் பற்றிய மனுவில் (கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 இரண்டையும் தடை செய்கிறது) பிள்ளையின் பெயரையோ படத்தையோ பொதுவில் போடாதீர்கள். பாலியல் குற்றம் என்றால் கையெழுத்து இயக்கத்துக்கே வேலையில்லை. உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதும் அதே சட்டத்தில் குற்றம். நல்லெண்ணத்தில் பகிர்ந்தேன் என்பது அங்கே செல்லாது.