ஆச்சிக்கு ஆள் போட்டால் போதுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீட்டில், முகப்புக்கும் வளவுக்கும் நடுவே ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். சமையலுக்கு ஆள், வாசலில் கேமரா, மாதம் பிறந்தால் பணம். "முதலில் சோறும் பாதுகாப்பும், மற்றது அப்புறம்" என்று மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடைக் காட்டுகிறவர்களும் உண்டு.

மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது. ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைந்த பிறகுதான் அடுத்தது எழும் என்பதையும் அதிலேயே மறுத்திருக்கிறார். சோறு தேவைப்படும் அதே வேளையில் அன்பும் மதிப்பும் தேவைப்படும்.

மாஸ்லோவைப் போல மனிதரின் உணர்வையும் வளர்ச்சியையும் நடுவில் வைப்பது மனிதநேய உளவியல். அதில் நம் வீடுகளுக்கு உடனே உதவுவது உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் கேட்கும் முறை. சிகிச்சைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, ஒருவருடைய முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் 1942 நூலில் அச்சிட்டார். கேட்பவர் எங்கே குறுக்கே விழுந்தார் என்பது அப்போதுதான் வெளிச்சமானது.

போனில் ஆச்சி சொல்கிறார்: "விளக்கு வைக்கத்தான் இப்ப இங்க நான் இருக்கேன்." மகன் உடனே, "ஏன் ஆத்தா இப்படிப் பேசுறீக? இன்னொரு ஆள் போடச் சொல்றேன்" என்கிறார். பேச்சு அங்கேயே செத்துவிடும். அதற்குப் பதிலாக, "இம்புட்டுப் பெரிய வீட்டுல நம்மளக் கேக்க ஆளில்லன்னு இருக்கா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம் போனில் கனமாகத்தான் இருக்கும். அதை நிரப்பக் கூடாது. "அப்படியில்லப்பா" என்று ஆச்சி திருத்தினாலும் நல்லதே. உண்மையான சங்கதி அதற்குப் பிறகுதான் வரும்.

இதில் பெரிய பிழை, சொன்னதையே கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்வது. நாம் புரிந்துகொண்டது சரிதானா என்று அவரிடமே சோதித்துப் பார்ப்பதுதான் ரோஜர்ஸ் சொன்னது. அடுத்த பிழை, அவர் அழுதால் நாமும் உடைந்துபோவது. அவருடைய உலகத்தை நம்முடையது 'போல' உணர வேண்டும். அந்தப் 'போல'வை விட்டுவிடக் கூடாது என்று 1957-லேயே எழுதிவைத்தார்.

ஆச்சியின் பேச்சில் 'எதற்காக இருக்கிறேன்' என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதைக் கையில் எடுப்பது இருத்தலியல் உளவியல். அதன் வேர் ஐரோப்பாவில். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் 1927 நூலைத் தன் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் சுவிஸ் மனநல மருத்துவர் பின்ஸ்வாங்கர். அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே முதலானோர் 1958-இல் தொகுத்த நூல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்லிடம் மனைவியை இழந்த முதிய மருத்துவர் ஒருவர் வந்தார். "நீங்கள் முதலில் போயிருந்தால் உங்கள் மனைவி என்ன ஆகியிருப்பார்?" என்று கேட்டார் ஃபிராங்க்ல். தவித்துப்போயிருப்பாள் என்றார் அவர். அந்தத் தவிப்பு அவளுக்கு இல்லாமல் போனது, அதற்கு விலையாகத்தான் நீங்கள் இருந்து துக்கப்படுகிறீர்கள் என்று ஃபிராங்க்ல் சொன்னதும், கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார். துக்கத்துக்கான அந்த அர்த்தம் அவருடைய பதிலிலிருந்தே எழுந்தது. "பேரன் பேத்தியை நினைச்சுக்குங்க" என்று நாம் வெளியிலிருந்து நீட்டுவது ஒட்டாது.

தவிர்க்கக்கூடிய துன்பத்துக்கு அர்த்தம் தேடச் சொல்லவில்லை ஃபிராங்க்ல். காரணத்தை நீக்கச் சொன்னார். ஆச்சிக்கு முழங்கால் வலி என்றால் வைத்தியம்தான் முதலில். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் போன் பேச்சு போதாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். "போயிட்டா நல்லது" என்று பேசத் தொடங்கினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.