வாங்கிய கையை மட்டும் பார்க்காதீர்கள்

"ஓட்டுக்குப் பணம் வாங்கியவனுக்கு அரசைக் கேள்வி கேட்க உரிமை கிடையாது" என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. வாங்குவது தப்புதான், சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம், சரி. ஆனால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று பணப் பட்டுவாடா புகாரில் வாக்குப்பதிவையே நிறுத்தினார்களே, வேலூரில் முதலில் நின்ற முக்கிய வேட்பாளர்களே அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த தேர்தலில் மறுபடியும் நின்றார்கள். நிற்கக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வாங்கியவரின் உரிமையை மட்டும் ஏன் பறிக்கிறீர்கள்?

எங்கள் அம்மாச்சி ஒருமுறை வாங்கினார். சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஆளுக்குப் போடுங்கள் என்று நான் எவ்வளவோ சொல்லியும், "வாங்கிட்டு மாத்திப் போட்டா சாமி கண்ணைக் குத்தும்டா" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பிறகு யோசித்தால், அந்த வீட்டில் அன்றைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான், பணம் கொடுத்தவர்கள் விலைக்கு வாங்கியது ஓட்டை அல்ல, அவருடைய அந்த நாணயத்தை. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தப்பான காரியத்துக்காக வாங்கிய சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஒரு பூசாரியோ வாத்தியாரோ முன்வரவில்லை. நானும் அன்றைக்கு அப்படிச் சொல்லத் தெரியாமல் சண்டைதான் போட்டேன்.

அவர் தெருவில் இன்னும் சாக்கடை மூடவில்லை. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு ஐயா.