புகழ் எதுவரை கைகொடுக்கும்?

திரையிலோ விளையாட்டிலோ பெயர் பெற்ற ஒருவர் தேர்தலில் வென்றுவிட்டால், ‘முகத்துக்காக விழுந்த ஓட்டு’ என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறோம். வாக்காளர்மீதான இளக்காரம் அந்த வரியில் இருக்கிறது; நடந்தது என்னவென்று பார்க்க மனமில்லாத சோம்பலும் இருக்கிறது.

எம்.ஜி.ஆரையும் சிவாஜி கணேசனையும் புகழ் என்ற ஒன்றை மட்டும் வைத்து நிறுத்தால் தராசு எளிதில் சாயாது. ஆனால் ஒருவர் 1977இல் முதலமைச்சரானார். மற்றவர் 1988இல் தனிக்கட்சி கண்டு, அடுத்த ஆண்டே திருவையாற்றில் தாமே தோற்றார். இந்த வேறுபாட்டைக் கவர்ச்சியால் விளக்க முடியாது. 1972இல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலத் தி.மு.க. மேடை அனுபவம் அவருக்கு இருந்தது; ஊர்தோறும் இயங்கிய ரசிகர் மன்றங்கள் பல, கட்சிக் கிளைகளாகவே மாறின. பட வெளியீட்டு நாளில் தோரணம் கட்டிய அதே கைகள், வாக்குப்பதிவு நாளில் வாக்காளர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, பிற்பகலாகியும் வராதவர்களின் பெயர்களைக் குறித்து, வீட்டுக்கு ஆளனுப்பி அழைத்துவரவும் பழகியிருந்தன. (இந்த வேலையை எந்தக் கேமராவும் படம்பிடிப்பதில்லை.)

பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகனை வெறும் நடிகர் என்று எள்ளியவர்களும் இப்படித்தான் ஏமாந்தார்கள். நடிகர் சங்கத் தலைவராகப் பேரம் பேசிப் பழகியவர் அவர். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலைகளுக்குச் சென்று, தொழிலாளர்களிடம் பேசிப் பேசியே தம் அரசியல் உரையைத் தீட்டிக்கொண்டவர். 1966இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்றபோது அவர் அரசியலுக்குப் புதியவர் அல்லர்.

புகழின் எல்லையைத் துல்லியமாகக் காட்டுவது லைபீரியாவின் கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயாவின் கதை. 2005 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முன்னிலை பெற்றவர், இரண்டாம் சுற்றில் எல்லன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். செனட்டராகி, கூட்டணி அமைத்து, அதிபர் தேர்தலில் வெல்ல அவருக்கு 2017 வரை ஆயிற்று.

என் வாதத்துக்கு இடைஞ்சலாக நிற்பவர் உக்ரைனின் ஜெலன்ஸ்கி. தொலைக்காட்சித் தொடரில் அதிபராக நடித்தவர், வேரூன்றிய கட்சி ஏதுமின்றியே 2019இல் ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்குகளுடன் உண்மையான அதிபரானார். அங்கே பழைய அரசியல்வாதிகள் அனைவர்மீதும் மக்களுக்குச் சலிப்பு முற்றியிருந்தது என்பதே நான் காணும் காரணம். ஆகவே ஒரு நட்சத்திரம் ஒரே பாய்ச்சலில் ஆட்சியைப் பிடிக்கும்போது, அவருடைய வசீகரத்தை ஆராய்வதற்கு முன், தோற்றுப்போன கட்சிகள் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையே நான் தேடிப் படிக்கிறேன்.