மசாத்லானின் சத்தத்தில் கை வைக்காதீர்கள்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், சினாலோவா மாநிலத்தில் உள்ள மசாத்லானை ஏதோ ஹோட்டல்களுக்காகவே கட்டிய ஊர் போல எழுதுகிறார்கள். அது முதலில் துறைமுகம். இறால் பிடித்து, மீன் விற்று, பீர் காய்ச்சிப் பிழைத்த ஊர். ரிசார்ட்டுகள் பின்னால் வந்தவை. 2024 மார்ச்சில், புனித வாரக் கூட்டத்துக்கு நடுவே, கடற்கரையில் பாந்தா எனும் ஊதுவாத்தியக் குழுக்கள் வாசிப்பதால் விருந்தினர் தூக்கம் கெடுகிறது என்று ஹோட்டல் தரப்பு புகார் கிளப்பியது. இசைக்காரர்கள் டூபாவையும் தம்போராவையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். போலீசுடன் கைகலப்பு வரை போனது. இதில் நான் முழுக்க இசைக்காரர்கள் பக்கம்.

பாந்தா அங்கே சுற்றுலாவுக்காக ஏற்பாடு செய்த கேளிக்கை இல்லை. கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், டூபா, சின்ன டிரம், அதோடு தலையில் ஜால்ரா கட்டிய பெரிய டிரம்மான தம்போரா என ஒரு குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். உலகமே அறிந்த எல் ரெகோதோ குழு 1938-இல் மசாத்லானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் தொடங்கியது. குழுவின் பெயரே அந்த ஊர்ப் பெயர்தான். கல்யாணம், பிறந்தநாள், சாவு எதுவானாலும் இந்த வாத்தியங்கள் வரும். ஒலிபெருக்கியே தேவைப்படாத இசை. சத்தம் குறைத்து வாசி என்றால் வாசிக்காதே என்றுதான் பொருள்.

கடற்கரையில் வாசிக்கச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பாட்டுக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ பேசலாம். தொகை, எத்தனை பாட்டு, பெசோவா டாலரா, மூன்றையும் முதல் பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். "ஓத்ரா?" என்று கேட்டால் இன்னொரு பாட்டு, இன்னொரு கட்டணம். தலையாட்டிவிட்டுப் பிறகு சண்டை போடுவதுதான் வெளியூர்க்காரர்களின் வழக்கமான கோளாறு. இரண்டு மூன்று பாட்டு போதும் என்றால் சிர்ரினெஸ் எனும் சின்னக் குழுவைக் கூப்பிடுங்கள். ஆள் குறைவு, செலவும் குறைவு. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு பாந்தா நின்று வெவ்வேறு பாட்டு வாசித்தால் எதுவுமே காதில் ஏறாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இரவில் ஒரு நேர வரம்பும் குழுக்களுக்கிடையே தூரமும் வைக்கலாம். கடற்கரையையே ஹோட்டலின் முற்றமாக நினைத்து ஊரை அடக்கச் சொல்வது வேறு விஷயம்.

சாப்பாட்டிலும் இதே பிடிவாதம் வேண்டும். சினாலோவாவில் கடலுணவு பகல் சாப்பாடு. தெருவோரக் கடலுணவு வண்டிகள் காலையிலேயே திறந்து, பிற்பகலில் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும். இரவு ஒன்பது மணிக்கு அகுவாச்சிலே தேடி அலைபவர் ஊரின் கடிகாரத்தைப் பார்க்காதவர்.

அகுவாச்சிலே என்பது சமைக்காத இறால். நாலு பேருக்கு உரித்த இறால் அரைக் கிலோ, புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு ஒரு கப், செர்ரானோ மிளகாய் நாலு, வெள்ளரிக்காய் ஒன்று, சிவப்பு வெங்காயம் பாதி, கொத்தமல்லி ஒரு பிடி, உப்பு. இறாலை முதுகு வழியே பிளந்து, குடலை எடுத்து, புத்தகம் போல விரித்து, உப்புத் தூவி, பனிக்கட்டி மேல் வைக்க வேண்டும். மிளகாயையும் உப்பையும் கல்லுரலில் நசுக்கிச் சாற்றில் கரைக்க வேண்டும். மிளகு அளவே உள்ள சில்தெபின் எனும் காட்டு மிளகாய் கிடைத்தால் அது இன்னும் நல்லது. வெள்ளரியின் விதையை வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டு முழுக்க தண்ணீர் விட்டு காரமும் புளிப்பும் செத்துப்போகும். சாறு ஊற்றுவது சாப்பிடும் நேரத்தில்தான். ஊற்றிய பத்து நிமிடத்துக்குள் தட்டு காலியாக வேண்டும். அதற்கு மேல் ஊறினால் புளிப்பு புரதத்தை இறுக்கி இறால் ரப்பராகிவிடும். நல்ல கடையில் இறாலின் ஓரம் வெளுத்து, நடு கண்ணாடியாக இருக்கும். உள்வரை வெள்ளை வெளேரென்று வந்தால் முன்பே ஊறவைத்தது. அது சாற்றில் ஊறவைத்துப் பரிமாறும் செவிச்சே ஆகிவிட்டது.

எலுமிச்சை இறாலின் நிறத்தை மாற்றும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இதைத் தொடாமல் இருப்பதே சரி. அவர்களுக்கு அதே ஊரில் பிறந்த தாக்கோ கோபெர்னதோர் இருக்கிறது: வதக்கிய இறால், மிளகாய், உருகிய சீஸ். இன்னொன்று, கடல் இறாலுக்குத் தோராயமாக மார்ச் முதல் செப்டம்பர் வரை பிடிதடைக் காலம். அந்த மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணை இறால் அல்லது உறைய வைத்தது. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜூலையில் "இன்று காலை கடலில் பிடித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய நகரத்தில் சங்கேராஸ் என்று அழைக்கப்படும் பெண்கள் தொட்டிகளில் பனிக்கட்டி போட்டு இறால் விற்கும் தெரு இருக்கிறது. அளவுக்கு ஒரு விலை என்று கூறு கட்டி வைத்திருப்பார்கள். விலை தெரிந்துகொள்ள அங்கே ஒரு நடை போய்வந்தால் போதும்.

சரந்தேயாதோ மீன் சொல்வதானால் பசியோடு உட்கார்ந்து சொல்லாதீர்கள். சங்கரா இனத்துப் பார்கோவையோ ரோபாலோவையோ முழுதாக விரித்து, மசாலா தடவி, கம்பி வலையில் பூட்டிக் கரியில் வாட்டுவார்கள். முக்கால் மணி நேரம் ஆகும். எடைக்குத்தான் விலை, அதனால் மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்ட பிறகு சம்மதியுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கிலோ மீன் தாராளம்.

இரவுக்கு இறைச்சி. மாலையில் திறக்கும் செனதுரியாக்களில் வீட்டுச் சமையல் போல ரொட்டி வகைகளும் சூப்பும் கிடைக்கும். கரியடுப்புக் கடைகளில் வாம்பிரோ கேளுங்கள்: மொறுமொறுவென்று வாட்டிய சோள ரொட்டி மேல் சீஸும் சுட்ட மாட்டிறைச்சியும். பில் கேட்காமல் வராது, அது அலட்சியம் இல்லை, அங்கே மரியாதை. "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்றால் வரும். பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ் வையுங்கள். கிளப்புகள் ஹோட்டல்கள் நிறைந்த சோனா தொராதா பக்கம், நள்ளிரவுக்கு மேல்தான் நிரம்பும். எந்தக் கடற்கரை ஊரிலும் அதே கிளப்தான், அதற்காக மசாத்லான் வரை போக வேண்டாம்.

கார்னிவல் மட்டும் வேறெங்கும் கிடைக்காது. 1898 முதல் முறையான குழு வைத்து நடத்துகிறார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய ஆறு நாள். 2027-இல் அந்தப் புதன் பிப்ரவரி 10, ஆகவே விழா 4 முதல் 9 வரை விழும். பழைய நகரத்தின் ஓலாஸ் ஆல்தாஸ் கடற்கரைச் சாலையை அடைத்து டிக்கெட் வைத்து உள்ளே விடுவார்கள். உள்ளே சில அடிக்கு ஒரு பாந்தா, மேலே ராட்சத உருவங்கள், கீழே தோளோடு தோள் கூட்டம். சனி இரவு கடற்போர் வாணவேடிக்கை. 1864-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஊர் எதிர்த்து நின்றதன் நினைவு அது. இருட்டிய பிறகு போனால் நுழைவாயிலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய், வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள். சில்லறைப் பணம் மட்டும் எடுத்துப் போங்கள், போன் முன் பாக்கெட்டில் இருக்கட்டும். குழந்தைகள் இருந்தால் ஞாயிறு அல்லது செவ்வாய் ஊர்வலத்துக்கு அவேனிதா தெல் மார் சாலையோரம் போதும். உள்ளூர்க் குடும்பங்கள் மணிக்கணக்கில் முன்பே நாற்காலி போட்டு இடம் பிடிக்கும்.

2024 செப்டம்பர் முதல் சினாலோவாவில் கும்பல் மோதல் கடுமையாகியிருக்கிறது. போகும் வாரத்துப் பயண எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டவே வேண்டாம்.

கார்னிவல் வாரத்தில் தூக்கம் வேண்டுபவர்கள் ஓலாஸ் ஆல்தாஸில் அறை எடுத்துவிட்டு வரவேற்பில் போய்ப் புகார் சொல்லாதீர்கள். வடக்கே செரித்தோஸ் பக்கம் எடுங்கள். அங்கிருந்து பஸ்ஸில் மையத்துக்கு வரலாம். மேற்கூரை மட்டும் உள்ள திறந்த டாக்சியான புல்மோனியாவிலும் வரலாம். ஏறும் முன் கட்டணம் பேசுங்கள், விழா நாளில் கூடுதலாகத்தான் கேட்பார்கள். திரும்பும்போது அடைத்த சாலைக்குள் எந்த வண்டியும் வராது, சில தெரு தள்ளி நடந்துபோய்த்தான் பிடிக்க வேண்டும்.