பியோர்க்கிடம் இயற்கை வரிகளில் இல்லை, கருவிகளில் இருக்கிறது

"அடுத்த ஆல்பம் இயற்கையைப் பற்றி" என்று ஒரு பாடகர் சொன்னாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். பின்னணியில் மழை, ரெண்டு குருவி, ஒரு புல்லாங்குழல், வேலை முடிந்தது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011-இல் 'பயோஃபிலியா' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பக்கமே போகவில்லை. இயற்கையின் விதியையே வாத்தியமாக்கப் பார்த்தார். அவருடைய மொத்தப் பயணத்தில் என்னைக் கேட்டால் இதுதான் பெரிய திருப்பம்.

அதில் வரும் ஊசல் யாழை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகள் வடிவமைக்கும் ஆண்டி காவடோர்டா செய்தது. நான்கு ஊசல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தந்திகள் சுற்றிக் கட்டிய ஓர் உருளை. எந்தச் சுரம் வேண்டுமோ அந்தத் தந்தி முன்னால் வரும்படி மோட்டார் உருளையைத் திருப்பிவிடும். ஊசல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது தந்தி மீட்டப்படும். சிக்கல் என்னவென்றால், ஊசலின் வேகத்தை முடிவு செய்வது அதன் நீளம். ஒரு மீட்டர் ஊசல் போய்த் திரும்ப சுமார் 2 விநாடி. நீளத்தைப் பாதியாக்கினாலும் 1.4 விநாடிதான், ஒரு விநாடி ஆகிவிடாது. ஆகவே மேடையில் தாளத்தைக் கொஞ்சம் தூக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. பாடுகிறவர்தான் புவியீர்ப்புக்கு அடங்க வேண்டும். இந்த யாழ் ஒலிக்கும் 'சோல்ஸ்டிஸ்' பாட்டு அவ்வளவு நிதானமாக நகர்வதில் ஆச்சரியமே இல்லை.

'தண்டர்போல்ட்' பாட்டில் பேஸ் வாசிப்பது டெஸ்லா காயில், அதாவது உயர் மின்னழுத்தத்தில் மின்பொறி பறக்கவிடும் கருவி. விநாடிக்கு 110 முறை பொறி பறந்தால் காதில் விழுவது 110 ஹெர்ட்ஸ் சுரம், கணக்கு அவ்வளவுதான். ஆனால் அதன் ஒலி ரம்பம் அறுப்பதுபோல் இருக்கும், மெல்ல வாசிக்கவும் முடியாது. பக்கத்தில் மைக் கேபிள் போனால் அதிலும் இரைச்சல் ஏறும். கூண்டுக்குள் வைத்துத்தான் மேடையேற்றினார்கள்.

'கிரிஸ்டலைன்' பாட்டின் தாளம் பெரும்பாலும் 17/8, அதாவது ஒரு சுற்றுக்குப் பதினேழு தட்டு. கர்நாடக இசையின் ஏழு தட்டு மிஸ்ர சாபு பழகின காதுக்கு அது ஒன்றும் மிரட்டாது, மேற்கத்திய பாப் ரசிகர்கள்தான் திணறினார்கள். அதில் ஒலிக்கும் கேம்லெஸ்ட், செலஸ்டா (பியானோ போலக் கட்டைகளை அழுத்தி உலோகத் தகடுகளை ஒலிக்கவைக்கும் வாத்தியம்) பெட்டிக்குள் இந்தோனேசிய கமெலான் பாணி வெண்கலத் தகடுகளைப் பொருத்திச் செய்தது.

சறுக்கிய இடம் ஆப். பாட்டுக்கு ஒரு ஆப் என்று ஐபேடுக்காக விட்டார்கள். 2014-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. மரியாதைதான். ஆனால் இயங்குதளம் மாற மாற ஆப்புக்கு வயதாகிவிடும். வெண்கலத் தகடு அப்படியே இருக்கும்.

2017-இல் 'யுடோபியா' காற்றும் புல்லாங்குழலும். (ஆமாம், பறவைகளும் உண்டு, ஆனால் ஊறுகாயாக இல்லை.) 2022-இல் 'ஃபொசோரா' நேரே மண்ணுக்குள் இறங்கியது: காளான், ஆறு பேஸ் கிளாரினெட், இந்தோனேசிய இசைக்குழு ஒன்றின் கேபர் (அதிவேக எலக்ட்ரானிக் நடன இசை) அடி. மிக்ஸிங் செய்கிறவருக்கு இது தலைவலி. பேஸ் கிளாரினெட்டின் அடிச்சுரம் சுமார் 58 ஹெர்ட்ஸ், கிக் டிரம்மும் அங்கேயேதான் உட்காரும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் சேறாகிவிடும்; ஒன்று அடிக்கும்போது மற்றது ஒதுங்க வேண்டும். இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "இதில் என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்த அடித்தளமே அதில் ஒலிக்காது. நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.