எலிக்குக் கூடவா வக்காலத்து?

ஞாயிற்றுக்கிழமை நீலகிரியில் எங்கள் ஊர்ச் சதுப்பில் நடந்த மரக்கன்று நடுவிழா பற்றி, சதுப்பு சும்மா கிடக்கிற இடம் இல்லை, மரம் நட்டால் அங்கே இருக்கிற புல்லெலி போய்விடும் என்று நான் எழுதிய நாலு வரிக்கு வந்த கமெண்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். "எலிக்குக் கூடவா வக்காலத்து?" ஆமாம், எலிக்குத்தான்.

திரும்பவும் சொல்கிறேன், சதுப்பு சும்மா கிடக்கிற இடம் இல்லை. சின்ன வயதில் சித்தப்பாவோடு எருமை ஓட்டிக்கொண்டு அங்கே போவேன். கோரையை விலக்கினால் உள்ளே எலி ஓடி ஓடிப் போட்ட தடம், தண்ணீர் ஏறாத மேட்டோடு வளைந்து போகும். ஓரத்தில் விரல்கணு நீளத்துக்குக் கடித்துப் போட்ட தண்டுகள், கடிவாய் இன்னும் பச்சையாக. சித்தப்பா அதில் கால் வைக்க விடமாட்டார், பாம்பு வரும் வழி என்பார். எலி இருக்கிற இடத்துக்கு வராமல் பாம்பு வேறெங்கே போகும்?

அந்தப் புல்லெலிக்கு மரம் எதற்கு? சீகை, அதாவது வாட்டில் மரம், அடர்ந்தால் கீழே புல் நிற்காது. கற்பூர மரத்தடியில், யூகலிப்டஸைத்தான் சொல்கிறேன், காய்ந்த சருகுதான். புல் போனால் அதுவும் போகும். அதைப் பிடித்துத் தின்னும் பருந்தும் காட்டுப்பூனையும் வேறு இடம் பார்க்கும். "மரத்தோப்பிலும் எலி இருக்கிறதே" என்கிறார் ஒருவர். இருக்கும் சார். எதையும் தின்று எங்கும் ஏறுகிற எலி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். குன்னூரில் கிடைத்த ஒரு சுண்டெலியைத் தனி இனம் என்று 1898-இல் பெயர் வைத்தார்கள். இன்று அது அழியும் பட்டியலில். அதையும் பரணில் தேடலாமா?

"மரம் நட்டால்தான் தண்ணீர்" என்கிறார் இன்னொருவர். 1843-இலிருந்து கற்பூர மரம் நட்டுக்கொண்டுதானே வந்தோம்? இதே நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளியில் அதை நட்டு அளந்தே பார்த்தார்கள். நட்டு வெட்டுகிற முதல் சுற்றிலேயே ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. நீங்கள் நட்டது நாட்டு மரமாம். இருக்கட்டும். சோலை மரத்துக்கு மலை மடிப்பில் சோலைக்காடு இருக்கிறது, ஊறுகிற நிலத்தில் அதற்கு என்ன வேலை? சதுப்பு சும்மா கிடக்கிற இடம் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

எலி உருளைக்கிழங்கைத் தின்னுமே என்று ஒரு விவசாயி கேட்டால் நியாயம், உட்கார்ந்து பேசுவேன். ஃப்ளெக்ஸ் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு மதியமே மேட்டுப்பாளையம் இறங்கியவர்கள் அல்லவா கேட்கிறார்கள்! நான் மரத்துக்கு எதிரியாம். யாரிடமோ காசு வாங்கியிருக்கிறேனாம். எலி கொடுத்திருக்கும் போல.

சரி, கோபம் என்றால் இங்கேயே திட்டுங்கள். அம்மா படத்துக்குக் கீழே போய் எலிப் படம் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். பத்தாவது வரை ஒரே பெஞ்ச். அம்மா கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாய். அதை எடுத்துவிடுப்பா.